அழிக்கச் சொன்னவர்

நீங்கள்தான் அழிக்கச் சொன்னீர்கள் சார். பிறகு, அப்படிச் சொல்லவே இல்லை என்று சொன்னதும் நீங்கள்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு விவரம். நான் சார் என்று சொல்வது, நான்கு வருடம் நான் படித்த இல்லஸ்ட்ரேஷன் துறையின் தலைவரை. புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் படம் வரையக் கற்றுக்கொடுக்கிற படிப்பு அது. கல்லூரி வண்டலூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்குத் தெரியும். என்னோடு படித்த இருபத்தெட்டுப் பேருக்கும் தெரியும்.

போன வாரம் துறையிலிருந்து பழைய மாணவர்களுக்கு ஒரு செய்தி வந்தது. ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'மாணவராக என் தொழில்முறை வளர்ச்சி'. ஐந்நூறு சொல்லுக்குள் இருக்க வேண்டும், ஊக்கம் தருவதாக இருக்க வேண்டும், கூடவே சிரித்த முகமாக ஒரு புகைப்படம். ஐந்நூறு சொல்லில் என்னால் நிறுத்த முடியாது. ஊக்கம் தரவும் என்னிடம் ஒன்றும் இல்லை. மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்துதான் இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொய்யான ரஃப் தாள்களை, அதாவது படத்துக்கு முன்னால் போட்டுப் பார்க்கிற பென்சில் தாள்களை, தயாரித்தேன். பதினான்கு படங்களுக்கு முப்பத்தொரு பொய்த் தாள்கள். அதை மறைத்துவிட்டு உங்கள் மேல் பழி போட வரவில்லை. ஆனால் படங்கள் என்னுடையவை. படம் நிஜம், அதற்கு நான் காட்டிய அத்தாட்சி பொய். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வருடம், இரண்டாவது வாரம். ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் ஒரு ஜோடி செருப்பையும் பென்சிலில் வரைந்து, மேலே மை போட்டுக் கொண்டுவரச் சொன்னீர்கள். கொண்டுவந்தோம். ஒவ்வொரு தாளாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தீர்கள். மைக்கு அடியில் பென்சில் கோடு இம்மி தெரிந்தாலும் தாள் திரும்பி வந்தது. என் தாள் மூன்று முறை திரும்பியது. நான்காவது முறை ரப்பர் போட்டுப் போட்டுத் தாளே பஞ்சாகக் கிளம்பிவிட்டது. அப்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்:

"கிளையண்ட்டுக்கு உன் கஷ்டம் தெரியக் கூடாது. அவனுக்கு வேண்டியது படம். நீ பட்ட பாடு இல்ல."

எனக்கு அந்த வாக்கியம் அவ்வளவு பிடித்துப்போனது. நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். பதினேழு வயதில் ஒருவர் அப்படித் தீர்மானமாகப் பேசினால் அது வேதவாக்கு மாதிரிதான் கேட்கும்.

அதற்குப் பிறகு அது எங்கள் வகுப்பின் வழக்கமே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் சப்மிஷன். ஸ்டுடியோ கதவருகே ஏதோ குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும். தாளைக் கொடுப்பதற்கு முன் ரஃப் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். மேசை காலியாக இருந்தால்தான் நீங்கள் தாளைக் கையில் வாங்குவீர்கள். மேசையில் ஒரு ரஃப் கிடந்தாலும், "என்ன, குப்பையோட உக்காந்திருக்க?" என்பீர்கள். பெட்டி நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

சப்மிஷனுக்கு முந்திய அரைமணி நேரம் இருபத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் அழித்துக்கொண்டிருப்போம். பேச்சே இருக்காது. சரசரவென்று ரப்பர் தேய்கிற சத்தம் மட்டும். தரையெல்லாம் ரப்பர் தூள். ஸ்டுடியோவைக் கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாமா இது, மாவு மில்லு மாறி கீது. நேத்துதானே கூட்டுனேன்." நாங்கள் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே கூட்டுவார்.

இரண்டாம் வருடம் நீங்கள் சொல்லவே தேவைப்படவில்லை. எங்களுக்குள்ளேயே அது பெருமையாகிவிட்டது. ஒருத்தி படத்தைப் பார்த்து, ஒரே மூச்சில் வரைந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பத்து முறை தடுமாறியதை மறைப்பதுதான் திறமை என்று நினைத்தோம். வீட்டிலும் நான் ரஃப் எதையும் வைத்துக்கொண்டதில்லை. என் அம்மா கணக்கு டீச்சர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை, சாயங்காலம் சேலையூரில் எங்கள் வீட்டிலேயே டியூஷன். என் ரஃப் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் அல்லவா? அதில் கணக்குப் போட்டுக் காட்டி, பிள்ளைகளிடமே கொடுத்து அனுப்பிவிடுவார். நான் தடுமாறிய எருமையும் நாயும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பையில் முக்கோணவியலோடு போய்ச் சேர்ந்தன. அப்போது எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

புதன்கிழமைகளில் தொழில்முறை வளர்ச்சி வகுப்பு. அதை நீங்களே எடுத்தீர்கள். ஒரு நிமிடத்தில் உன்னை அறிமுகப்படுத்திக்கொள் என்றீர்கள். விசிட்டிங் கார்டு வடிவமைக்கச் சொன்னீர்கள். இன்னும் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய் என்று மரம் வரைந்து கிளை கிளையாக எழுதச் சொன்னீர்கள். என் மரத்தின் உச்சியில் 'சொந்தப் படப்புத்தகம்' என்று எழுதினேன். கிளையண்ட்டுக்கு மெயில் எழுதுவது, கை குலுக்குவது, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போவது, எல்லாம் வந்தது. வரைந்த தாளில் தேதி போடு, ரஃப்பைப் பத்திரமாக வை, நாளைக்கு ஒருவன் இது உன்னுடையதுதானா என்று கேட்பான் என்று மட்டும் நான்கு வருடத்தில் ஒரு புதன்கிழமைகூட நீங்கள் சொல்லவில்லை.

அந்த வகுப்புக்கு ஒரு நோட்டு உண்டு. வாரா வாரம் நாங்கள் கற்றதைப் பற்றி மனம் திறந்து எழுத வேண்டும். நீங்கள் படித்துவிட்டுப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவீர்கள்; வருடக் கடைசியில் நோட்டு துறை அலமாரிக்குப் போய்விடும். மற்றவர்கள் ஏனோதானோ என்று எழுதினார்கள். நான் முட்டாள், நிஜமாகவே எழுதினேன்.

கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு பீர்க்கன்கரணை ஏரியை எடுத்துக்கொண்டேன். தாம்பரத்தில் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூரில் இறங்கி நடந்தால் ஏரி. அழகான ஏரி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் வீடுகளின் பின்சுவர், கரையெல்லாம் குப்பைப் பை. ஆனால் காலை ஆறரை மணிக்கு அங்கே ஒரு முழு ஊரே நடமாடும். தொப்பையைக் குறைக்க நடக்கிறவர்கள், எருமை ஓட்டுகிறவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் போனில் சண்டை போடுகிற ஒரு ஆள். அவர் தினமும் வருவார், தினமும் சண்டை போடுவார். நானும் ஐந்து மாதம் வாரத்துக்கு நான்கு நாள் போனேன். கல் மேல் உட்கார்ந்து வரைவேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் மை போடுவேன். பதினான்கு படங்கள். எழுத்தே இல்லாத, படத்தாலேயே நகர்கிற ஒரு புத்தகம்.

என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த ஒரே வேலை அது. இதை அடக்கத்துக்காகக் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

அதில் ஏழாவது படம். கரையில் யாரோ தூக்கிப் போட்டுவிட்டுப் போன சோபா, ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருக்கும். அதன் மேல் எந்நேரமும் ஒரு நாய் தூங்கும். பின்னால் எருமைகள். அதற்கு மை போடும்போது பிரஷ்ஷிலிருந்து பெரிய சொட்டாக ஒன்று விழுந்தது. சோபாவின் கைப்பிடிக்கு மேலே, ஒன்றுமே இல்லாத வெள்ளையில். இரண்டு வாரத்து வேலை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சொட்டுக்கு ஒரு மூக்கு வைத்தேன், கீழே இரண்டு கால். காக்கை. கைப்பிடியில் உட்கார்ந்து நாயை எழுப்பலாமா என்று யோசிக்கிற காக்கை. படத்துக்கே அப்போதுதான் உயிர் வந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான், வகுப்பெடுக்க வந்திருந்த ஒரு சிறிய சிறுவர் புத்தகப் பதிப்பாளர், முடித்ததும் கொண்டு வாருங்கள், புத்தகமாகப் போடலாம் என்று சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. இப்போது கம்ப்யூட்டரிடம் கேட்டாலே படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதனால் இவை மாணவியின் சொந்தக் கைவேலை என்று துறையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார். அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நான்கு வருடம் பார்த்தவர் நீங்கள். கொடுக்க மாட்டீர்களா என்ன?

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வகுப்பு வாட்ஸப்பில் உங்கள் செய்தி வந்தது. இந்த வருடம் முதல் பிராசஸ் ஃபைல் கட்டாயம். ஒவ்வொரு படத்துக்கும் ரஃப், பென்சில் நிலை, தவறிப்போன முயற்சி எல்லாம் வரிசையாக வைக்க வேண்டும். இல்லையென்றால் படம் மெஷின் போட்டதாகக் கருதப்படும். படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரிடமும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. நாங்கள் ஐந்து பேர் உங்கள் அறைக்கு வந்தோம். ரஃப் எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டோமே சார் என்று நான்தான் கேட்டேன். நீங்கள் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்லன்னா ரெடி பண்ணிக்கோங்க. மூணு வாரம் இருக்கே."

அவ்வளவுதான். ரெடி பண்ணிக்கோங்க. இதற்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே வந்த ஐந்து பேருக்கும் ஒரே அர்த்தம்தான் புரிந்தது.

அடுத்த நாள் மதியத்திலிருந்து ஸ்டுடியோவில் லைட் டேபிளுக்கு வரிசை. அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசை. முடிந்த படத்தைக் கீழே வைத்து, மேலே புதுத் தாளைப் போட்டு, தெரிகிற கோட்டைப் பென்சிலில் தளர்வாக எடுப்போம். ரஃப்பிலிருந்து படம் வருவதுதான் உலக வழக்கம். நாங்கள் படத்திலிருந்து ரஃப் எடுத்தோம். பிறகு தாளைக் கசக்குவது, டீயில் ஓரத்தை நனைப்பது, விரலால் கரியைத் தேய்ப்பது. நான்கு வருடமாகத் தாளைச் சுத்தமாக வைக்கப் பழகிய கைகள் அழுக்குப் பண்ணத் தெரியாமல் முழித்தன. பக்கத்தில் இருந்த தோழி என் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மச்சி, கொஞ்சம் அசிங்கமா வரை. உன் ரஃப்பு ரஃப்பு மாதிரியே இல்ல. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது. நீங்கள் அந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை ஸ்டுடியோவுக்குள் வந்தீர்கள். வரிசையைப் பார்த்தீர்கள். மேசையில் முடிந்த படமும் அதன் மேல் புதுத் தாளும் இருந்ததைப் பார்த்தீர்கள். சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

தேர்வு நாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி, வெகுகாலமாகப் படம் வரைந்து பிழைக்கிறவர். நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். என் பதினான்கு படங்களையும் மேசையில் பரப்பினேன். அவர் நிதானமாகப் பார்த்தார். போனில் சண்டை போடுகிற ஆளைப் பார்த்துச் சிரித்தார். இதில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது படத்தைக் காட்டி, மை கொட்டிய கதையை, அழுத கதையை, சொட்டுக்கு மூக்கு வைத்த கதையைச் சொன்னேன். ஐந்து மாதத்தில் நடந்ததிலேயே நிஜமான கதை அது. அவருக்கும் பிடித்திருந்தது. அதே சந்தோஷத்தோடு என் பிராசஸ் ஃபைலைத் திருப்பினார்.

ஏழாவது படத்தின் ரஃப்பில் அவர் விரல் நின்றது.

"இந்தக் காக்கா மை கொட்டினதால வந்ததுன்னு சொன்ன இல்ல?"

"ஆமா மேடம்."

"அப்ப மை போடறதுக்கு முன்னாடி பென்சில்ல எப்படிம்மா வந்துச்சு?"

லைட் டேபிளில் வைத்து எடுத்தபோது காக்கையையும் சேர்த்து எடுத்திருந்தேன். ஓரத்தில் டீக்கறையோடு அது அங்கே உட்கார்ந்திருந்தது. பொய் சொல்ல ஒரு வழியும் தோன்றவில்லை. ரஃப் எல்லாம் பிறகு செய்தது, படம் என்னுடையது என்றேன். வேண்டுமானால் இப்போதே இங்கேயே எருமையை வரைந்து காட்டுகிறேன், ஒரு தாள் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபமாகப் பேசவில்லை.

"உனக்கு வரையத் தெரியும்னு தெரியுதும்மா. மெஷின் போட்ட படத்தைக்கூட அடியில வச்சு மையில எடுத்துடலாம். இதை வரைஞ்சது நீதானான்னுதான் எனக்குத் தெரியல."

பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். பிள்ளைகளுக்கு ரஃப் எடுத்து வைக்கச் சொல்வதில்லையா என்று கேட்டார். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அடி தூரம். ஒரு வார்த்தை போதும். நாங்கள் இங்கே அழித்துவிடச் சொல்வோம் மேடம், அது எங்கள் வழக்கம் என்று ஒரு வார்த்தை.

"ஃபர்ஸ்ட் இயர்லேருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கோம் மேடம். சில பேர் கேக்கறதில்ல."

சில பேர். வெளியே வராந்தாவில் இருபத்தெட்டுப் பேர் டீக்கறை போட்ட ஃபைலோடு வரிசையில் நின்றார்கள். பொய்த் தாளோடு பிடிபட்டவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நான் உங்களை மறுத்துப் பேசவில்லை, மற்ற யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர்களும் எனக்காக உள்ளே வந்து வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் பாஸ். 'கல்யாணப் பத்திரிகை' என்று சொன்னவள் இப்போது பெருங்குடியில் ஒரு கேம் கம்பெனியில் இருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். என் புராஜெக்ட்டின் மேல் 'ஏற்கப்படவில்லை' என்று எழுதினார்கள்.

அன்று வராந்தாவில் என்னிடம் வந்து பேசியது கூட்டுகிற அக்கா ஒருவர்தான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"நாலு வருசமா அந்தத் தூளக் கூட்டிகினு கீறது நானு. அந்தப் பொட்டியத் தூக்கினு போய் கடையில போட்டதும் நானு. என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் வந்து சொல்லட்டா?"

அவர் ஒப்பந்த வேலைக்காரர். சொன்னால் அடுத்த நாள் வேலை இருக்காது. வேண்டாம் என்றேன். "போனா போவுது" என்றார். ஒரு நிமிடம் கழித்து, "இல்லமா, போவக் கூடாது. எம் பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்துகீது" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கட்டடத்தில் அன்று உண்மை பேசத் தயாராக இருந்தவர் அவர் மட்டுந்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அந்தப் புதன்கிழமை நோட்டு ஞாபகம் வந்தது. முதல் வருடத்தில் நான் அதில் எழுதியிருந்தேன்: இன்று பென்சில் கோடு தெரிந்ததால் சார் தாளைத் திருப்பினார், எல்லாவற்றையும் அழித்தேன், பதினொரு ரஃப்பைப் பெட்டியில் போட்டேன், தொழில்முறை என்றால் என்ன என்று இன்றுதான் புரிந்தது. அதற்குக் கீழே உங்கள் பச்சைக் கையெழுத்து. 'குட்' என்றுகூட எழுதியிருந்தீர்கள். ஓடி வந்து கேட்டேன். அது துறையின் உள் ஆவணம், மாணவருக்குத் தர முடியாது என்றீர்கள். தர வேண்டாம், உங்கள் எதிரிலேயே பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன் என்றேன். ஏன், கேஸ் போடப் போகிறாயா என்று சிரித்தீர்கள். பிறகு, "ஒரு நல்ல பொண்ணா ரீசப்மிஷன் குடுத்துட்டுப் போ" என்றீர்கள்.

வீட்டில் ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்ன அன்று அம்மா டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, படிப்படியாகப் போட்டுக் காட்டாமல் விடை மட்டும் எழுதினால் நானும் மார்க் போட மாட்டேனே பாப்பா என்றார். சரி, அது டீச்சர் புத்தி. அதைத் தாங்கிக்கொண்டேன். பிறகு சிவப்புப் பேனாவை மூடினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"நீ வரைஞ்சதுதானே?"

ஐந்து மாதம் அந்த மேசையில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவர். மை கொட்டியபோது துணி எடுத்து வந்தவர் அவர். அந்தக் காக்கையை முதலில் பார்த்தவரே அவர்தான். கேட்ட உடனே தப்பென்று அவருக்கே தெரிந்துவிட்டது. சும்மா கேட்டேன் என்றார், ஜெபம் பண்ணலாம் என்றார். நான் எழுந்து போய்விட்டேன். தேர்வாளர் சந்தேகப்பட்டார், அது அவர் வேலை. ஆனால் என் வீட்டு மேசைக்கு அந்தக் கேள்வியை அனுப்பி வைத்தது உங்கள் ஒரு வாக்கியம். நீங்கள் எனக்குச் செய்ததில் இதைத்தான் நான் மன்னிக்கப் போவதில்லை.

புதிதாக வரைந்து மறுபடி சமர்ப்பித்தேன். பட்டம் வேண்டுமே. ஆறு பழங்களின் படம், அவற்றுக்கு நாற்பது ரஃப் தாள்கள். ஒவ்வொரு கோட்டையும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம். நான் வரைந்ததிலேயே செத்த படங்கள் அவை. மாம்பழம் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. பிராசஸ் அருமை என்று எழுதி பாஸ் போட்டார்கள். பதிப்பாளருக்குத் துறையின் கடிதம் போகவில்லை. அவர் மரியாதையாகவே பதில் எழுதினார், மன்னிக்கவும் என்று. ஏரிப் படங்கள் பீரோவின் மேல் இருக்கின்றன. அம்மா தூசி தட்டி வைக்கிறார்.

இப்போது மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வேலை செய்யும் மேசைக்கு மேலே மாட்டுகிற படம் வரைகிறேன். இடது கையால் இதைப் பிடி, வலது கையால் போல்ட்டைப் போடு, கையுறை போடாமல் தொடாதே. சூப்பர்வைசர் நல்லவர். கை தெளிவாக இருந்தால் சரி என்பார். யார் வரைந்தது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. யார் வரைந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அது ஒரு நிம்மதி என்று நானே சொல்லிக்கொள்கிறேன். சாயங்கால ரயிலில் பெருங்களத்தூர் வரும்போது ஏரிப் பக்கம் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக வரைய உட்கார்ந்தால், முதலில் போனை ஸ்டாண்டில் மாட்டுகிறேன். என் கையை நானே வீடியோ எடுக்கிறேன். யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் இல்லை. ஆனால் எடுக்காமல் ஒரு கோடு போட முடியவில்லை. ஒரு தடவை அதைப் போட்டுப் பார்த்தேன். திருடிய பொருளைத் தொடுகிற மாதிரி என் கை பென்சிலைப் பிடித்திருந்தது. போனை அணைத்துவிட்டேன். தாளும் அப்படியே கிடக்கிறது. இதுதான் சார் என் தொழில்முறை வளர்ச்சி. உங்கள் மலருக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த முதல் வருட மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் அடுத்த மாதம் அரங்கத்தில் நீங்கள் பேசப் போவதாக அதே செய்தியில் இருந்தது. பழைய மாணவர்களையும் அழைத்திருக்கிறீர்கள். நான் வந்து முன்வரிசையில் உட்காருவேன். அந்தத் தேர்வாளரையும் கூப்பிடுங்கள். கூட்டுகிற அக்காவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், அவர் வேலைக்கு நீங்களே பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு. பிறகு மைக்கைப் பிடித்து, முதல் வருடத்திலிருந்தே ரஃப்பை எடுத்து வைக்கச் சொன்னோம் என்று அன்று சொன்னதை எங்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், நான் பொய் சொன்னேன், அந்தப் பதினான்கு படங்களும் இந்தப் பெண் வரைந்தவை என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்று. அறைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், என் போனுக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் காதில் விழும்படி, அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்.